பொள்ளாச்சியில் இருந்தபடி வெளிநாட்டு ஸ்டார்ட்அப்புக்கு வேலை: சந்தேகங்களும் விளக்கங்களும்

பொள்ளாச்சியில் இருந்து கோவை 40 கிலோமீட்டர். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலைப் பேருந்தில் சரவணம்பட்டிக்கும் விளாங்குறிச்சிக்கும் கிளம்புகிற பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் சிலருடைய நியமனக் கடிதத்தில் ‘டெடிகேட்டட் ஆஃப்ஷோர் டெவலப்பர்’ என்று ஒரு பதவிப் பெயர் வருகிறது. சம்பளம் போடுவது கோவையில் உள்ள நிறுவனம். வேலை சொல்வது கலிஃபோர்னியாவிலோ லண்டனிலோ இருக்கும், தொடங்கி மூன்று வருடம்கூட ஆகாத ஒரு ஸ்டார்ட்அப்.

இதில் யார் முதலாளி, எழுதுகிற மென்பொருள் யாருக்குச் சொந்தம், அந்த ஸ்டார்ட்அப் மூடிவிட்டால் பிள்ளையின் கதி என்ன என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆள் எடுப்பவர்களிடமும் கேள்விகள் உண்டு. வெளிநாட்டில் தொழில் தொடங்கிவிட்டு ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு வைக்க நினைப்பவர்கள், தென்னைநார் ஏற்றுமதிக்கு ஒரு செயலி செய்து பார்க்கலாம் என்று இறங்கும் இளைஞர்கள், மாடியில் நாலு மேசை போட்டு வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்கள் என்று இந்த ஏற்பாட்டில் கால் வைத்தவர்கள் இன்று பலர். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

டெடிகேட்டட் டெவலப்பர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். காம்பவுண்டு சுவர் கட்ட மேஸ்திரியிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுகிறோம். போர் போட அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். தோப்பிலேயே இருந்து தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, வண்டு விழுந்தால் பார்த்துச் சொல்கிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். மென்பொருளிலும் இதே மூன்று முறைகள்தான்: மொத்த ஒப்பந்தம், மணிக்கணக்கு, மாதக்கணக்கு. மூன்றாவது முறையில், ஒரே கிளையன்ட்டின் வேலையை மட்டும் முழுநேரமும் பார்க்கிறவர் டெடிகேட்டட் டெவலப்பர். அவர் வேறு நாட்டில் இருந்து பார்த்தால் ஆஃப்ஷோர்.

வளர்கிற ஸ்டார்ட்அப்புக்கு மாதக்கணக்கு ஏன் பொருந்துகிறது என்றால், இன்று கேட்டது அடுத்த மாதம் மாறிவிடும். வாடிக்கையாளர் வந்து பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியும். மொத்த ஒப்பந்தம் பேசியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் காசு, தனி வாக்குவாதம்.

தோப்பு ஆளுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தோப்பில் சம்பளத்தை நம் கையால் கொடுக்கிறோம். இங்கே கிளையன்ட் உள்ளூர் நிறுவனத்துக்குப் பில் கட்டுகிறார், அந்த நிறுவனம் டெவலப்பருக்குச் சம்பளம் போடுகிறது. மூன்று பேர் சேர்ந்த ஏற்பாடு இது. ஆனால் கையெழுத்தாகும் தாள்கள் எல்லாம் இரண்டிரண்டு பேருக்கு இடையில்தான். அந்த இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதில் இருந்துதான் பெரும்பாலான தகராறுகள் தொடங்குகின்றன. கீழே வரும் விளக்கங்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

சம்பளம் குறைவு என்பதற்காகத்தானே இங்கே வர்றாங்க?

அதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வருகிறவர், இன்னும் குறைந்த விலை கிடைக்கும் நாளில் வேறு ஊருக்குப் போய்விடுவார். நிலைத்து நின்ற நிறுவனங்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது.

2003-ல் வெளிவந்த ஸ்கைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனர்களில் ஒருவர் ஸ்வீடன்காரர், இன்னொருவர் டென்மார்க்காரர். மென்பொருளை எழுதியதோ எஸ்டோனியாவின் டாலின் நகரில் இருந்த ஒரு சிறு குழு. இரண்டே ஆண்டில், 2005-ல், இபே நிறுவனம் அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. எஸ்டோனியா முழு நாட்டின் மக்கள்தொகை கோவை மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அந்த எஸ்டோனியக் குழுவுக்கு ஸ்கைப்பில் பங்கு இருந்தது. அந்தப் பணம் திரும்ப அவர்கள் நாட்டின் அடுத்த ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடாகப் போனது. வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு பங்கும் கிடைத்ததால் ஒரு ஊரே மாறியது என்பதை நம் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு கோவை.கோ. இங்கிலாந்தில் குடியேறிய கோவைக்காரர் சரவணகுமார் 2011-ல் லண்டனில் தொடங்கி, மென்பொருள் குழுவைச் சொந்த ஊரில் வளர்த்தார். பெயரிலேயே ஊர் இருக்கிறது. 2022 இறுதிக்குள் சேர்ந்து மூன்று ஆண்டு நிலைத்திருப்பவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியை ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொல்லியிருந்த அந்த நிறுவனம், சுமார் 140 ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் வழங்குவதாக 2025 தொடக்கத்தில் அறிவித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2015-ல் ஆர்எஃப்பிஐஓ என்ற பெயரில் தொடங்கிய ரெஸ்பான்சிவ் நிறுவனமும் தன் குழுவைக் கோவையில்தான் பெருக்கியது. இவை இரண்டும் சொந்த அலுவலகம் போட்டவை. அந்த அளவுக்கு இன்னும் வளராத ஸ்டார்ட்அப்தான் உள்ளூர் நிறுவனம் வழியாக இரண்டு பேர், மூன்று பேர் என்று எடுக்கிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. புதிய எச்1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் 2025 செப்டம்பர் 19 அன்று ஆணையிட்டார். ஒரு சிறிய ஸ்டார்ட்அப் அந்தத் தொகையைக் கட்டி ஒருவரை அழைத்துக்கொள்ள முடியாது. ஆளை அங்கே கொண்டுபோக முடியாதபோது வேலை இங்கே வருகிறது.

பொள்ளாச்சி மாதிரி ஊரில் இருந்து இது ஆகுமா? கோவைக்காவது போக வேண்டாமா?

ஆகும். சோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அங்கே உருவான சோஹோ டெஸ்க் இன்று உலகம் முழுக்க விற்கிறது. நம் ஊரில் 1957 முதல் நாச்சிமுத்து பாலிடெக்னிக் இருக்கிறது, 1998 முதல் மகாலிங்கம் பொறியியல் கல்லூரி இருக்கிறது. படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பும், மின்சாரம் போனால் தாங்கும் யுபிஎஸ்ஸும் கட்டாயம் வேண்டும். கிளையன்ட்டிடம் பேசும்போது ‘லைன் போயிருச்சுங்க’ என்று ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

நானே ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கறேன். செயலி செய்ய வெளியாட்களை வைக்கலாமா?

தென்னைநார் ஏற்றுமதிக்கு ஒரு செயலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தொழில் தெரியும், கோடு எழுதத் தெரியாது. முழுவதையும் வெளியாட்களிடம் கொடுத்துவிட்டுக் காசோலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், ஆறு மாதத்தில் உங்கள் செயலி எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியாத நிலை வரும்.

எழுதியதைப் படித்துப் பார்த்து ‘இது சரி, இது தப்பு’ என்று சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கூட்டாளியாக இருக்கலாம், சம்பளத்துக்கு இருக்கலாம், வாரத்தில் ஒரு நாள் வருகிற ஆலோசகராகக்கூட இருக்கலாம். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை வெளியாட்களை எடுக்காமல் இருப்பதே நல்லது. தேங்காய் எண்ணத் தெரியாதவர் தோப்பை வெட்டுக்கு விடமாட்டார் இல்லையா?

ஆரம்பத்தில் ஒரு மாதச் சோதனைக் காலம் பேசுங்கள். ஒரு சின்ன வேலையைக் கொடுத்து முடிக்கச் சொல்லி, அதை உங்கள் ஆள் பார்த்த பிறகு மேலே போங்கள். நேர்காணலுக்கு ஒரு கெட்டிக்காரரை உட்கார வைத்துவிட்டு, வேலைக்கு வேறு ஒருவரைப் போடுவது இந்தத் தொழிலில் நடக்கிற தவறு. பேசியவரே வேலை பார்க்க வேண்டும், மாற்றினால் உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதிவிடுங்கள்.

எழுதின கோடு யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவருக்குத்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஒரு விளக்கத்தையாவது முழுதாகப் படியுங்கள்.

கோவை ஃபவுண்டரிக்காரர்களுக்கு இந்த விஷயம் பழக்கம். பம்ப் கம்பெனி தன் பேட்டர்னைக் கொடுத்து வார்ப்பு வாங்கிக்கொள்ளும். பேட்டர்ன் யாருடையது என்று சலானிலேயே எழுதியிருக்கும். ஃபவுண்டரிக்காரரே பேட்டர்னும் செய்து வார்ப்பும் கொடுத்தால்தான் சிக்கல். வார்ப்புக்குக் காசு கொடுத்தாயிற்று, பேட்டர்ன் யாருக்கு? மென்பொருளில் கோடுதான் பேட்டர்ன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. ஒரு நாவலுக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. இங்கே முதலாளி என்பது சம்பளம் போடும் கோவை நிறுவனம், கலிஃபோர்னியா கிளையன்ட் அல்ல. டெவலப்பர் ஊழியராக இல்லாமல் தனியாள் ஒப்பந்தத்தில் இருந்தால், எழுதியவரே முதல் உரிமையாளர்.

அப்படியானால் கிளையன்ட் கைக்கு எப்படி வரும்? எழுத்தில் உரிமை மாற்றித் தந்தால்தான் வரும். 19-வது பிரிவு இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், தருகிறவர் கையெழுத்திட வேண்டும், எந்தப் படைப்பு, எந்த உரிமைகள் என்று குறிப்பிட வேண்டும். அதோடு நிற்கவில்லை. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டும் என்று கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிராதவரை, உரிமை காலாவதியாகும்.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் விற்பதற்காக ஒருவர் இங்கே மென்பொருள் செய்து வாங்குகிறார். ஒப்பந்தத்தில் ‘கோடு உங்களுக்கே’ என்று ஒற்றை வரி. காலமும் இல்லை, எல்லையும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவருக்குக் கிடைத்தது இந்தியாவுக்குள் ஐந்து ஆண்டு உரிமை. முதலீட்டாளர் வந்து தாள்களைச் சரிபார்க்கும் நாளில்தான் இது வெளியே வரும். அதற்குள் கோடு எழுதியவர் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆகவே இரண்டு தாள்கள் வேண்டும். டெவலப்பரிடம் இருந்து உள்ளூர் நிறுவனத்துக்கு ஒன்று, உள்ளூர் நிறுவனத்தில் இருந்து கிளையன்ட்டுக்கு ஒன்று. இரண்டிலும் ‘உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகாது’ என்ற பொருள் வர வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் அச்சடித்த ஒப்பந்தங்களில் இந்த இந்திய விவரங்கள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

தாளில் உரிமை இருந்தால் மட்டும் போதாது, சாவியும் கையில் இருக்க வேண்டும். டொமைன் பெயர், கோடு வைக்கும் கிட்ஹப் கணக்கு, சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு ஆகியவற்றை முதல் நாளே கிளையன்ட் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் திறந்துகொண்டு, டெவலப்பருக்கு அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். அவசரத்தில் டெவலப்பரின் சொந்த ஜிமெயிலில் திறந்துவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் ஏராளம்.

வாடிக்கையாளர் தகவல் வெளியே கசிந்துவிட்டால்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வெளிநாட்டு கிளையன்ட்டின் ஒப்பந்தப்படி, வெளிநாட்டில் உள்ளவர்களின் தரவை இங்கே கையாளும்போது இந்தச் சட்டத்தின் பல கடமைகளில் இருந்து விலக்கு உண்டு. ஆனால் தரவைப் பாதுகாக்கும் கடமையில் இருந்து விலக்கு இல்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் அந்த ஊர்ச் சட்டமும் சேர்ந்து வரும்.

நடைமுறையில் நல்ல வழி, டெவலப்பருக்கு உண்மையான வாடிக்கையாளர் தகவலையே காட்டாமல் இருப்பது. பெயரும் போன் எண்ணும் மாற்றிய மாதிரித் தரவை வைத்தே பெரும்பாலான வேலை நடக்கும்.

ராத்திரி முழுக்க விழிக்கணுமா? பொண்ணு வேலைக்குப் போறா, அதனால கேக்கறேன்.

பிபிஓ காலத்தில் இருந்து வந்த பயம் இது. மென்பொருள் எழுதும் வேலைக்கு முழு இரவும் விழிக்கத் தேவையில்லை. கிளையன்ட்டும் டெவலப்பரும் ஒரே சமயத்தில் விழித்திருக்கும் மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். பேச வேண்டியதைப் பேசிவிட்டு, மீதி வேலையை அவரவர் பகலில் பார்க்கலாம்.

லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க்கில் காலை 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. கலிஃபோர்னியாதான் கடினம்: அவர்களுடைய காலை 9 மணி நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் தொல்லையே இல்லை. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லாததால் அந்த வாரங்களில் கூட்டத்தைத் தவறவிடுவது சகஜம்.

எனவே ‘கிளையன்ட் எந்த ஊர்?’ என்று வேலையில் சேரும் முன்பே கேளுங்கள். கலிஃபோர்னியா என்றால், வாரத்தில் எத்தனை நாள் இரவுக் கூட்டம், அந்த நாட்களில் வீட்டில் இருந்தே கலந்துகொள்ளலாமா, அலுவலகம் வர வேண்டும் என்றால் வண்டி யார் ஏற்பாடு என்று எழுத்தில் வாங்குங்கள். கோவையில் இருந்து இரவு 11 மணிக்குக் கிளம்பிப் பொள்ளாச்சி வந்து சேர்வதை வாரத்தில் ஐந்து நாள் யாராலும் செய்ய முடியாது.

பழகின டெவலப்பர் பாதியில் விட்டுட்டுப் போயிட்டா?

போவார். இந்தத் துறையில் அது இயல்பு. ‘எங்களை விட்டுப் போனால் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்று எழுதி வாங்கித் தடுக்கப் பார்ப்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது கட்டுப்பாடு போடலாம், வேலையை விட்ட பிறகு போட முடியாது. ரகசியத் தகவலை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் வேலையை விட்ட பிறகும் நிற்கும்.

அதனால் ஆளைக் கட்டிப்போடப் பார்ப்பதைவிட, வேலை ஒருவர் தலைக்குள் மட்டும் தங்காமல் பார்த்துக்கொள்வதே வழி. எழுதியது எல்லாம் அன்றன்றே கிளையன்ட்டின் கணக்கில் ஏற வேண்டும். ஏன் இப்படிச் செய்தோம் என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். ஒருவருடைய வேலையை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். நோட்டீஸ் காலத்தில் புதியவர் வந்து பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், அந்த நாட்களுக்குப் புதியவர் பெயரில் பில் வராது என்று உள்ளூர் நிறுவனத்திடம் பேசிக்கொள்ளலாம். பலர் ஒத்துக்கொள்வார்கள். கேட்பவர்தான் இல்லை.

எம் பையனுக்கு ஆர்டர் வந்திருக்குதுங்க. எதைப் பார்க்கணும்?

பெற்றோரிடம் இருந்து வருகிற முக்கியமான கேள்வி இது.

முதலில், பையன் ஊழியரா, ‘கன்சல்டன்ட்’டா என்று பாருங்கள். மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு தருவார்களா, அல்லது பையனிடம் பில் கேட்பார்களா? பில் கேட்டால் அவர் ஊழியர் அல்ல. பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, சம்பளத்தோடு விடுமுறை இல்லை. கையில் வரும் தொகை கூடுதலாகத் தெரியும். தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தால் தவறில்லை, தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் தவறு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இத்தனை மாதம் என்று காலம் குறித்து எடுக்கப்படும் ஊழியருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. கிளையன்ட் திட்டத்துக்காகவே எடுக்கப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வரும். யுஏஎன் என்ற பி.எஃப். எண்ணை வாங்கி, பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

கிளையன்ட் விலகிவிட்டால் என்ன ஆகும் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல நிறுவனம் அடுத்த வேலை வரும் வரை ‘பெஞ்ச்’சில் வைத்துச் சம்பளம் போடும். எத்தனை மாதம் என்று சொல்லச் சொல்லுங்கள். பதில் இழுபட்டால் கிளையன்ட்டோடு வேலையும் போய்விடும் என்று அர்த்தம்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கி வாருங்கள். குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக பாண்ட் கேட்டால் நிதானமாகப் படியுங்கள். ஒரு பொதுத்துறை வங்கி வாங்கிய 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்னது, ஆகவே எல்லா பாண்டும் வெறும் காகிதம் என்று எண்ணிவிட வேண்டாம். அதே சமயம், நிறுவனம் கேட்கும் தொகை நியாயமான இழப்பீடாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பயிற்சியே கொடுக்காமல் ஐந்து லட்சம் என்று எழுதியிருந்தால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

நாலு பேர் வைத்து வெளிநாட்டு வேலை செய்யறேன். ஜி.எஸ்.டி. கட்டணுமா?

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். மென்பொருள் சேவைக்கு வரி 18 சதவீதம். ஆனால் ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த முறையில் ரூபாயாகவோ வர வேண்டும், எல்யுடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு ஏப்ரல் கழிந்து ஆடிட்டரிடம் ஓடுகிறவர்கள் பலர். பணம் வங்கி வழியாக வந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். ரீஃபண்ட் கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

அமெரிக்க கிளையன்ட் திடீர்னு ஆளைக் குறைக்கறாரே, வேலை பிடிக்கலையா?

உங்கள் வேலையில் குறை இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 2022 முதல் ஒரு மாற்றம் வந்தது. மென்பொருள் உருவாக்கச் செலவை அந்த ஆண்டே முழுதாகக் கழித்துக்கொள்ள முடியாது, உள்நாட்டுச் செலவை ஐந்து ஆண்டிலும் வெளிநாட்டுச் செலவை 15 ஆண்டிலும் பிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்றானது. 2025 ஜூலையில் வந்த சட்டம் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. வெளிநாட்டுக்கு 15 ஆண்டு அப்படியே இருக்கிறது. இன்னும் லாபமே பார்க்காத ஸ்டார்ட்அப்புக்கு இது உடனே உறைக்காது, லாபம் வரத் தொடங்கிய ஆண்டில் உறைக்கும். வெளிநாட்டு வேலைக்குக் கொடுக்கும் பணத்துக்கு 25 சதவீதத் தீர்வை கேட்கும் மசோதா ஒன்றும் 2025 செப்டம்பரில் செனட்டில் வைக்கப்பட்டது. மசோதா வேறு, சட்டம் வேறு. ஆனாலும் ஒரே அமெரிக்க கிளையன்ட்டை நம்பி இருபது பேருக்குச் சம்பளம் போடுவது ஆபத்து. இங்கிலாந்து, ஜெர்மனி, சிங்கப்பூர், நம்ம சென்னை என்று பரப்பிக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் ஆள் தேவைப்படுமா?

தேவைப்படும், ஆனால் அதே ஆள் அல்ல. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பல வீடுகளில் தூக்கம் போனது. சொன்னதை அப்படியே கோடாக மாற்றித் தரும் வேலையை இயந்திரம் வேகமாகச் செய்கிறது. அந்தக் கோடு சரியா, இந்த வாடிக்கையாளருக்கு இது உதவுமா, நாளை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று யோசிப்பது இன்னமும் மனிதர் வேலை. ஒரே கிளையன்ட்டோடு இரண்டு, மூன்று வருடம் இருந்து அவர் தொழிலையே கற்றுக்கொண்ட டெவலப்பருக்கு இதில் அனுகூலம் அதிகம். இயந்திரம் எழுதிய கோட்டைச் சேர்த்தால் கிளையன்ட்டிடம் சொல்லிவிடுங்கள், கிளையன்ட்டின் கோட்டை வெளியில் உள்ள கருவிகளில் ஒட்டும் முன் அனுமதி வாங்குங்கள்.

கம்பெனி நல்லதா, டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வேலை தருவதற்குப் பணம் கேட்டால் அது வேலை அல்ல. ‘பயிற்சிக் கட்டணம்’, ‘லேப்டாப் டெபாசிட்’, ‘கிளையன்ட் வெரிஃபிகேஷன்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நிறுவனத்தின் பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால் பதிவான ஆண்டும் முகவரியும் கிடைக்கும். ஜி.எஸ்.டி. எண் எழுத்தும் இலக்கமுமாக 15 குறிகள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் முதல் இரண்டு இலக்கம் 33 ஆக இருக்கும். பி.எஃப். இணையதளத்திலும் நிறுவனத்தைத் தேடலாம். முகவரிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே வேலை பார்க்கிற இரண்டு பேரிடம் சம்பளம் எந்தத் தேதியில் ஏறுகிறது என்று கேளுங்கள். நம் ஊரில் யாரையாவது தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

ஆள் எடுக்கும் வெளிநாட்டு அன்பர்களும் இதே போல விசாரிக்க வேண்டும். ஊர்க்காரர் என்ற நம்பிக்கையோடு, ஏற்கெனவே அந்த நிறுவனத்திடம் வேலை வாங்கிய இரண்டு கிளையன்ட்களிடம் பேசிவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். போன பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம். சைபர் குற்ற உதவி எண் 1930. இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம்.